வெள்ளை ஏன் சாம்பலாகிறது, விளக்கில் ஏன் என் வேட்டி தெரிகிறது: பொருள் படப்பிடிப்பில் பிழை தேடும் முறை

கும்பகோணத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் விற்பனைப் பொருள்களைப் படம் எடுப்பது என் தொழில். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, காபித்தூள் பொட்டலம், பித்தளை டபரா, நல்லெண்ணெய் பாட்டில். வருகிறவை பெரும்பாலும் இவைதான். கடைக்காரர்கள் பலர் ஒரு மேசை, இரண்டு விளக்கு, ஒரு வெள்ளைத் தாள் வாங்கித் தாங்களே எடுத்துப் பார்த்துவிட்டு, சரிவராத படத்தைக் கைப்பேசியில் காட்டி "இது ஏன் இப்படி?" என்று கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. சுற்றிச் சுற்றிப் பத்துப் பிழைகள்தான்.

உங்கள் படத்தில் தெரியும் குறை எதுவோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள். காரணங்களைச் செலவில்லாததில் தொடங்கிச் செலவு பிடிப்பது வரை வரிசையாக வைத்திருக்கிறேன். பிழை எந்த இடத்தில் நீங்குகிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். புது விளக்கு வாங்கச் சொல்லும் வரி கடைசியில்தான் வரும். அதுவரை போக வேண்டியிருந்தவர்கள் மிகக் குறைவு.

எதற்கும் முன்னால்: ஓர் இருட்டுப் படம்

ஃப்ளாஷ் வைத்து எடுப்பவர்கள், வழக்கமான அமைப்பிலேயே கேமராவை வைத்துக்கொண்டு (ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/125 விநாடி என்று வையுங்கள்) ஃப்ளாஷை மட்டும் அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். பொருளின் உருவம் லேசாகத் தெரிந்தாலும், ஜன்னலோ டியூப்லைட்டோ உங்களைக் கேட்காமல் படத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எல்இடி வைத்து எடுப்பவர்களும் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இதையே செய்து பார்க்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு விளக்காகத் தனியாக எரியவிட்டு ஒவ்வொரு படம். மூன்று விளக்கு என்றால் மூன்று படம். எந்த விளக்கு என்ன வேலை செய்கிறது, எது கெடுக்கிறது என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும். கீழே உள்ள எந்தத் தலைப்புக்குப் போனாலும் இந்த நான்கு படங்களும் கையில் இருக்கட்டும்.

வெள்ளைத் திரை சாம்பலாக விழுகிறது

என்னிடம் வரும் புகார்களில் மிக அதிகம் இதுதான். முதலில் பின்னணித் திரையை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள்.

*பொருளும் சேர்ந்து மங்கியிருந்தால்:* ஏமாந்தது கேமரா. ஆட்டோவில் விட்ட கேமரா எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கத்தான் முயலும். படச் சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தீர்மானித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 முதல் +1.7 வரை ஏற்றிப் பாருங்கள். கைப்பேசி என்றால் பொருளைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். மேனுவலில் ஃப்ளாஷோடு எடுப்பவர்கள் ஃப்ளாஷின் அளவை ஒரு ஸ்டாப் கூட்டினால் போதும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிக்கும், குறைத்தால் பாதியாகும்).

*பொருள் சரியாக இருக்கிறது, திரை மட்டும் சாம்பல் என்றால்:* திரைக்கு வெளிச்சம் போய்ச் சேரவில்லை. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். விளக்கிலிருந்து பொருள் 3 அடியிலும் திரை 6 அடியிலும் இருந்தால், திரைக்குக் கிடைப்பது இரண்டு ஸ்டாப் குறைவு. அது சாம்பலாகாமல் என்ன செய்யும்? செலவில்லாத வழி, விளக்கைப் பின்னே தள்ளி அளவைக் கூட்டுவது. 3-க்கு 6 என்று இருந்தது 6-க்கு 9 ஆகும்போது வித்தியாசம் சுமார் ஒரு ஸ்டாப்பாகச் சுருங்கும். ஆனால் தள்ளிப்போன விளக்கு நிழலைக் கடினமாக்கும். அது பிடிக்கவில்லை என்றால் திரைக்கெனத் தனி விளக்கு வையுங்கள். பொருளைத் திரையிலிருந்து 4 அடி முன்னால் கொண்டுவந்துவிட்டு, திரையின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு விளக்கு.

திரைக்கு எவ்வளவு வெளிச்சம் போதும்? பொருளைவிட அரை முதல் ஒரு ஸ்டாப் அதிகம் இருந்தால் போதும். வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள், மிகை வெளிச்சத்தைக் கேமராவின் பின்திரையில் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை இயக்கிக்கொள்ளுங்கள். படத்தில் வெள்ளைப் பின்னணி முழுக்க மினுக்கும் வரை ஏற்றி, அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பொருள் மினுக்கக் கூடாது.

கணினியில் நிறம் தொட்டு அளக்கும் கருவியைப் படத்தில் உள்ள வெள்ளைப் பின்னணியின் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 255 என்ற தூய வெள்ளையாக இருக்க வேண்டும். பொருள் சட்டத்தின் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். 248 என்று காட்டினால் மென்பொருளில் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிடலாம். 230-க்குக் கீழே போயிருந்தால் இழுக்காதீர்கள்; வெள்ளிக் கொலுசின் விளிம்பும் திரையோடு சேர்ந்து காணாமல் போகும். விளக்குக்குத் திரும்பிப் போவதுதான் வழி.

*ஒரு பக்கம் மட்டும் சாம்பல் என்றால்:* ஒரு பென்சிலைத் திரையின் நடுவில் செங்குத்தாகப் பிடியுங்கள். இரண்டு விளக்குக்கும் இரண்டு நிழல் விழும். இரண்டும் ஒரே கறுப்பாக இருந்தால் வெளிச்சம் சமம். இடது விளக்கின் நிழல் வலப்பக்கம் விழும். அது அடர்ந்திருந்தால் இடது விளக்கு பலமாக இருக்கிறது, அதைத் தள்ளி வையுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத மீட்டர் இது. இன்றும் தினம் காலையில் நான் பென்சிலோடுதான் ஆரம்பிக்கிறேன்.

*திரை வெள்ளைதான், ஆனால் பொருளின் விளிம்பு கரைகிறது என்றால்:* அளவுக்கு மிஞ்சிவிட்டீர்கள். திரை விளக்கை ஒரு ஸ்டாப் இறக்குங்கள். குறையாவிட்டால் பொருளின் இரு பக்கமும், சட்டத்துக்குள் வராமல், கறுப்பு சார்ட் அட்டையை நிறுத்துங்கள். படம் முழுக்கப் புகைபடிந்தது போலிருந்தால், சட்டத்துக்கு வெளியே இருக்கும் வெள்ளைத் திரையைக் கறுப்புத் துணியால் மூடிப் பாருங்கள். தேவையில்லாத வெள்ளையெல்லாம் லென்ஸுக்குள் வந்து விழுந்துகொண்டிருக்கும். அப்போதும் புகை விலகாவிட்டால் கீழே பூஞ்சை பற்றிய பகுதிக்குப் போங்கள்.

நிறம் சரியில்லை

"படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்று சேலை திரும்பி வருவதுதான் கடைக்காரருக்கு உண்மையான நஷ்டம். இதை மட்டும் அவசரப்படாமல் கிளை கிளையாகப் பாருங்கள்.

*எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி மஞ்சளோ நீலமோ:* ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பு. ஆட்டோவை விட்டு வெளியே வாருங்கள். பொருள் இருக்கும் இடத்தில் சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு ஒயிட் பேலன்ஸை அமையுங்கள். வெள்ளைத் தாளைச் சாம்பல் அட்டைக்குப் பதிலாக வைப்பதை நான் ஒப்புவதில்லை. அதற்கான காரணம் சற்றுக் கீழே வேட்டியில் வருகிறது. ரா கோப்பாக (கேமரா பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால் பிறகும் திருத்தலாம்.

*ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம்:* இருவகை வெளிச்சம் கலந்துவிட்டது. இதை எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். வீட்டு டியூப்லைட் 6500 கெல்வின் அளவில் நீலம் தட்டும். மஞ்சள் எல்இடி பல்பு 3000 அளவில் இருக்கும். ஃப்ளாஷ் ஏறத்தாழ 5500. இருட்டுப் படத்தை எடுத்துப் பாருங்கள், குற்றவாளி அதில் தெரிவார். ஜன்னலை மூடி, மேலே எரியும் விளக்கை அணையுங்கள்.

*நிழல் பகுதியில் மட்டும் பச்சையோ சிவப்போ:* சுவர். என் அறை முதலில் பிஸ்தா பச்சையில் இருந்தது. ஒரு வாரம் முழுக்க வெள்ளிப் பாத்திரங்களின் வயிற்றுப் பக்கம் பாசி பிடித்தது போல் விழுந்தது. கேமராவைச் சந்தேகித்தேன், விளக்கைச் சந்தேகித்தேன், சுவரைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையும் இதே வேலையைச் செய்யும். சோதிக்க, பொருளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். நிறம் மறைந்தால் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிடுங்கள். அதுவரை தெர்மாகோலே போதும்.

*சாம்பல் அட்டை சரியாக விழுகிறது, சேலை மட்டும் தப்பு:* மூன்று காரணம் உண்டு.

முதலாவது, அடர்ந்த நிறம். ராணி நிறமும் அரக்கும் சிவப்பு அளவைத் தனியாக எல்லைக்குக் கொண்டுபோய்விடும். மடிப்பெல்லாம் தட்டையாகி, பெயின்ட் அடித்தது போலிருக்கும். கேமராவில் மூன்று நிற ஹிஸ்டோகிராமை (ஒவ்வொரு நிறத்தின் அளவையும் காட்டும் வரைபடம்) திறந்து, சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் வரை குறையுங்கள்.

இரண்டாவது, மயில் கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். விளக்கை அரை அடி நகர்த்தினால் பச்சை நீலமாகும். இது பிழையே அல்ல. நெசவாளர் வேண்டுமென்றே செய்தது. ஒரே படத்தில் இரண்டு நிறமும் தெரியும்படி ஒரு மடிப்பைத் திருப்பி விடுங்கள், அல்லது இரண்டு படம் எடுங்கள். "சரியான" ஒரு நிறத்தைத் தேடி ஒரு மதியத்தை வீணாக்கியவன் சொல்கிறேன்.

மூன்றாவது, விளக்கின் தரம். மலிவான எல்இடி சில நிறங்களைக் காட்டவே காட்டாது. முக்கியமாக அடர்சிவப்பு செத்துப்போகும். அதே சேலையை வாசலில், நேர்வெயில் படாத நிழலில், சாம்பல் அட்டையோடு ஒரு படம் எடுங்கள். அங்கே சிவப்பு உயிரோடிருந்து அறைக்குள் செத்திருந்தால் விளக்கை மாற்றத்தான் வேண்டும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவான சிஆர்ஐ 95-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

*வெள்ளை வேட்டி நீலமாக விழுகிறது:* வெள்ளைத் துணியிலும் வெள்ளைத் தாளிலும் பளிச்சென்று தெரிவதற்காக ஒருவகை வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். புற ஊதா ஒளி பட்டால் அது நீலமாக ஒளிரும். ஃப்ளாஷில் அந்த ஒளி உண்டு. போதாக்குறைக்குச் சலவையில் சொட்டு நீலம் வேறு. பளிச்சென்ற வெள்ளைத் தாளை வைத்து ஒயிட் பேலன்ஸ் செய்தால் படம் முழுக்க மஞ்சளுக்குச் சாய்வதும் இதனால்தான். துவைக்காத புது வேட்டியைக் கேட்டு வாங்குங்கள். மென்பொருளில் வேட்டிப் பகுதியின் நீலத்தை மட்டும் குறையுங்கள். புற ஊதாவைத் தடுக்கும் பூச்சுள்ள ஃப்ளாஷ் குழாயும் கிடைக்கிறது. வேட்டியே தொழில் என்பவருக்கு மட்டும் அந்தச் செலவு.

*கணினியில் நன்றாக இருக்கிறது, இணையத்தில் ஏற்றினால் வெளிறுகிறது:* கோப்பு அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் சேமிக்கப்பட்டிருக்கும். எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றிச் சேமியுங்கள். ஐந்து நிமிட வேலை.

பளபளக்கும் பொருளில் அறையே தெரிகிறது

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் ஐந்தடிக் குத்துவிளக்கு எடுத்தேன். படத்தைப் பார்த்த விளக்குப் பட்டறைக்காரர், "அண்ணே, தண்டில் வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறதே, பாலிஷ் விட்டுப்போயிருக்கிறதா?" என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தோம். கோட்டுக்குக் கீழே இரண்டு கால் இருந்தது. என் வேட்டி. அன்றிலிருந்து படப்பிடிப்பு நாளில் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டைதான். மலைக்கு மாலை போட்டிருக்கிறீர்களா என்று கேட்பவர்களும் உண்டு.

பித்தளையும் எவர்சில்வரும் தாமாக எதையும் காட்டுவதில்லை. எதிரே இருப்பதைத்தான் காட்டும். அதனால் பொருள்மேல் விளக்கு அடிப்பதை மறந்துவிட்டு, பொருள் எதைப் "பார்க்கிறது" என்று கவனியுங்கள். கேமரா இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து, உதவியாளரை ஒரு வெள்ளை அட்டையோடு அறையைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். அட்டை எங்கே வரும்போது விளக்கின் தண்டு வெளுக்கிறதோ, வெளிச்சம் வர வேண்டிய இடம் அது.

*சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், எல்இடி மணிகள் தெரிகின்றன:* விளக்கு நேராகத் தெரிகிறது. நடுவே பட்டர் பேப்பரை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். பொருளுக்கு நெருக்கமாகத் தாள், தாளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி விளக்கு. தாளில் விளக்கைச் சற்று ஓரமாக அடித்தால் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் மெல்ல இருளும். பித்தளைக்கு உருட்சி தருவது அந்த இருளல்தான்.

*எல்லாம் வெளுத்துப்போய் பித்தளை பிளாஸ்டிக் போலிருக்கிறது:* பொருளை உள்ளே வைத்து எடுக்கும் வெள்ளைக் கூடாரத்தைப் புதிதாக வாங்கியவர்களின் பிழை. நான்கு பக்கமும் வெள்ளை என்றால் உலோகம் தன் வடிவத்தை எதைக் கொண்டு காட்டும்? இரண்டு விரல் அகலக் கறுப்பு அட்டைப் பட்டையைக் கூடாரத்துக்குள் பக்கவாட்டில் நிறுத்துங்கள். தட்டின் விளிம்பிலும் உச்சியில் இருக்கும் அன்னத்தின் கழுத்திலும் ஒரு கறுப்புக் கோடு ஓடும்போது, "ஆ, இது பித்தளை" என்று கண் ஒப்புக்கொள்ளும்.

*குடம், செம்பு போன்ற உருண்டைப் பொருளில் கேமராவே தெரிகிறது:* இதைத் தவிர்க்க முடியாது, சிறியதாக்கத்தான் முடியும். தள்ளி நின்று நீண்ட லென்ஸில் எடுங்கள். வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டு அதன் வழியே எடுத்தால் கடைசியில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் மிஞ்சும். அதை மென்பொருளில் அழித்துவிடலாம்.

*போலரைஸர் போட்டும் பயனில்லை:* பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் வடிகட்டி அது; உலோகத்தின் நேர்ப் பிரதிபலிப்பில் வேலை செய்யாது. வார்னிஷ் மரம், கண்ணாடி, பிளாஸ்டிக் உறைக்குத்தான் உதவும். காபித்தூள் பொட்டலத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள், குத்துவிளக்குக்கு வேண்டாம்.

*மங்கலான விரல் தடம்:* பருத்திக் கையுறை. பித்தளையில் பதிந்த கைரேகை கொஞ்ச நாளில் கறுத்து ஊறிவிடும். பிறகு மென்பொருளில் அழிக்க ஒரு மணி நேரம்.

எண்ணெய் பாட்டில் சேறு போல இருக்கிறது

முன்னாலிருந்து விளக்கு அடித்திருப்பீர்கள். கண்ணாடிக்கும் திரவத்துக்கும் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். விளக்கைப் பாட்டிலுக்குப் பின்னே கொண்டுபோய், நடுவில் பட்டர் பேப்பர். இரு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்தினால் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்து வடிவம் தெரியும். கறுப்புத் திரையில் எடுப்பதென்றால் இதற்கு நேர் எதிர்: பின்னால் கறுப்பு, இரு ஓரத்திலும் வெளிச்சம்.

பின்னொளி வைத்தால் முன்னால் இருக்கும் லேபிள் இருண்டுவிடும். அதற்கு ஒரு வெள்ளை அட்டையை முன்னால் சாய்த்து வையுங்கள். நல்லெண்ணெய் பொன்னாக ஒளிர வேண்டுமென்றால், இனிப்புப் பெட்டியிலிருந்து கிடைக்கும் தங்க நிற அட்டையைப் பாட்டில் வடிவத்தில், ஆனால் அதைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டி, பாட்டிலுக்குப் பின்னே மறைவாகச் சாய்த்து நிறுத்துங்கள். முன்புறம் ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டு எண்ணெய் வழியாகத் திரும்பி வரும்.

நிழல்

*கத்தியால் வெட்டியது போல் கடினம்:* விளக்கு பொருளுக்குச் சிறியதாகத் தெரிகிறது. கிட்டே கொண்டுவாருங்கள். அதே சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் முன் மாட்டும் வெள்ளைத் துணிப் பெட்டி) ஆறடியிலிருந்து இரண்டடிக்கு வந்தாலே நிழல் கரைந்துவிடும். போதாவிட்டால் பெரிய பட்டர் பேப்பர் சட்டம். பெரிய சாஃப்ட்பாக்ஸ் வாங்குவது அதற்குப் பிறகு.

*இரண்டு நிழல் பெருக்கல் குறி போல:* இரண்டு விளக்கும் சம பலத்தில் இருக்கின்றன. ஒன்றை அணைத்து, அந்தப் பக்கம் தெர்மாகோல் வையுங்கள். இரண்டாவது விளக்கு வாங்கியதற்காகவே அதை எரியவிட வேண்டியதில்லை.

*நிழலே இல்லாமல் பொருள் மிதக்கிறது:* பின்னணியை வெட்டி எடுத்ததன் விளைவு. பொருளின் அடியில் இருக்கும் மெல்லிய கறுப்பு நிழலைப் படத்திலேயே இருக்கவிட்டு, மற்றதை வெட்டுங்கள்.

திரையில் சுருக்கம், கோடு, அலை

மேசையும் சுவரும் சேரும் இடத்தில் கோடு தெரிந்தால் தாளை வளைத்து இறக்கவில்லை. மேலே கிளிப்பில் மாட்டி, மடிக்காமல் ஒரு பெரிய வளைவாக மேசைக்கு இறக்குங்கள். ஒருமுறை மடிந்த தாள் மடிந்ததுதான். இஸ்திரி போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள், அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

தாள் உருளைகள் 2.72 மீட்டர், 1.35 மீட்டர் அகலங்களில் வருகின்றன. மேசைப் பொருளுக்குச் சின்னதே தாராளம். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து அலை அலையாகும். படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தால் நடுவில் தொய்யாது. துணித் திரையின் சுருக்கத்துக்கு நீராவி இஸ்திரி. அவசரமென்றால் துணியின் ஓரங்களைக் கிளிப் போட்டு இழுத்து, பொருளை நாலடி முன்னால் கொண்டுவந்துவிடுங்கள், சுருக்கம் குவியத்திலிருந்து விலகிவிடும்.

பிவிசி ஷீட்டில் நடுவே வெள்ளைத் திட்டு விழுந்தால் பளபளப்புப் பக்கத்தைப் பயன்படுத்துகிறீர்கள். திருப்புங்கள். இரண்டு பக்கமும் பளபளப்பு என்றால் விளக்கை இன்னும் பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

*கறுப்புத் திரை சாம்பலாகிறது:* பொருளுக்கான வெளிச்சம் திரையில் சிந்துகிறது. பொருளை முன்னே இழுங்கள். விளக்குக்கும் திரைக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். சார்ட் அட்டை கொஞ்சம் மினுங்கும். கறுப்பு வெல்வெட் துணி வெளிச்சத்தை விழுங்கும். தூசியையும் விழுங்கும் என்பதால் பக்கத்தில் ஒட்டும் டேப் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் பட்டை

*ஃப்ளாஷில், ஓர் ஓரத்தில் கறுப்புப் பட்டை:* ஷட்டர் வேகம் அதிகம். பெரும்பாலான கேமராக்கள் 1/200 அல்லது 1/250 வரைதான் ஃப்ளாஷோடு இணங்கும். மலிவான ட்ரிக்கரில் (கேமராவின் தலையில் மாட்டி ஃப்ளாஷை இயக்கும் கருவி) அதுவும் தாங்காது. 1/125-க்கு இறக்குங்கள்.

*எல்இடியில், படம் முழுக்கக் கிடைக்கோடுகள்:* நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கிறது. 1/100, 1/50, 1/25 என்று வைத்தால் முழுத் துடிப்புகள் அடங்கிவிடும். அப்போதும் வந்தால் விளக்கின் டிம்மர் காரணமாக இருக்கலாம். முழு வெளிச்சத்தில் எரியவிட்டு விளக்கைத் தள்ளி வையுங்கள். சத்தமில்லா ஷட்டரை அணையுங்கள். எல்லாம் செய்தும் ஒரு விளக்கு மட்டும் கண்ணுக்கே மினுக்கினால் அதன் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் தரும் பகுதி) கெட்டுக்கொண்டிருக்கிறது. மாற்றித் தர எலக்ட்ரீஷியன் போதும்.

*கட்டம் போட்ட சட்டைத் துணியில் வானவில் அலை:* துணியின் இழையும் கேமராவின் புள்ளிகளும் மோதுகின்றன. அரையடி முன்னே பின்னே போங்கள், அல்லது துணியைச் சற்றுத் திருப்புங்கள்.

ஃப்ளாஷ் அடிக்கவில்லை, அல்லது படத்துக்குப் படம் மாறுகிறது

அடிக்கவே இல்லை என்றால், ஃப்ளாஷில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அதில் அடித்தால் ஃப்ளாஷ் நலம், குறை ட்ரிக்கரில். சேனல் எண் இரண்டிலும் ஒன்றா, ட்ரிக்கர் கேமராவின் தலையில் கடைசி வரை நுழைந்திருக்கிறதா, சத்தமில்லா ஷட்டர் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, பென்சில் பேட்டரியை மாற்றுங்கள். இந்த வரிசையில்தான். ஒரு திருமணப் பத்திரிகை வேலையில் பேட்டரி வாங்க ஆளைக் கடைக்கு அனுப்பிய பிறகு, ட்ரிக்கர் பாதிதான் நுழைந்திருந்ததைக் கண்டுபிடித்தேன்.

சோதனைப் பொத்தானிலும் அடிக்கவில்லை என்றால் பிளக், சுவிட்ச், ஃபியூஸ். ஃபியூஸை அதே அளவில் ஒருமுறை மாற்றலாம். மறுபடி போனால் கை வைக்காதீர்கள். ஃப்ளாஷின் கெபாசிட்டரில் பல நூறு வோல்ட் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். டிவி பழுதுபார்ப்பவரிடம் கொடுக்காமல், ஃப்ளாஷ் பார்த்துப் பழகியவரிடம் கொடுங்கள்.

ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு உங்கள் அவசரம். தயார் என்று ஒலி வந்த பின் எடுங்கள். அடுத்து ஆட்டோ ஐஎஸ்ஓ, டிடிஎல் (ஃப்ளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) இரண்டையும் அணைத்து எல்லாம் மேனுவல். அதற்கும் மாறினால் மின்சாரம். மின்வெட்டில் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்களா? சதுர அலை இன்வெர்ட்டரில் ஸ்டூடியோ ஃப்ளாஷைச் செருகவே கூடாது. உறுமல் சத்தம் கேட்டால் உடனே பிடுங்குங்கள்.

புள்ளியும் புகையும்

புள்ளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் தூசி. எஃப் 16-ல் வெள்ளைத் தாளைக் குவியம் இல்லாமல் எடுத்தால் பளிச்சென்று தெரியும். ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படியும். போகாத புள்ளிக்கு சர்வீஸ் சென்டர். சென்சாரைத் துணியால் துடைக்கும் துணிச்சல் வேண்டாம்.

படம் புகைபடிந்து, விளக்கை மாற்றியும் தெளியவில்லை என்றால் லென்ஸைக் கழற்றி, கைப்பேசி டார்ச்சை ஒரு முனையில் அடித்து மறுமுனையில் பாருங்கள். சிலந்தி வலை போல் நூல் ஓடினால் பூஞ்சை. காவிரிக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தோல்பையில் பூட்டி வைத்த லென்ஸுக்கு இது நிச்சயம். சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டியதுதான்; மற்ற லென்ஸ்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். மிச்சமிருப்பவற்றைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

ஸ்டாண்டைத் தொட்டால் சுரீர் என்கிறது, அல்லது கருகும் வாசனை

இந்தத் தலைப்பில் மட்டும் மலிவான காரணம், விலையுயர்ந்த காரணம் என்ற வரிசை இல்லை. மெயினை அணையுங்கள். வேலையை நிறுத்துங்கள்.

சுரீர் என்றால் எர்த் இல்லை. மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். இல்லை என்றால் எலக்ட்ரீஷியன் வந்து பாயின்டில் எர்த் வருகிறதா என்று சோதித்த பிறகே விளக்கை எரிக்க வேண்டும். கருகும் வாசனை என்றால் பட்டர் பேப்பரோ துணியோ ஹாலஜன் பல்புக்கு மிக அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டடி இடைவெளி விடுங்கள். வாசனை விளக்கின் உள்ளேயிருந்து வந்தால் ஆறவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

கொடுக்கும்போது ஒரு துண்டுத் தாளில் எழுதி விளக்கிலேயே ஒட்டிவிடுங்கள்: எந்த அளவில் வைத்திருந்தீர்கள், எரியவிட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது, இன்வெர்ட்டரில் ஓடியதா, ஃபியூஸ் எத்தனை முறை மாற்றினீர்கள். என் பழுதுபார்ப்பவர் முதலில் கேட்பது இந்த நான்கும்தான். பதில் இல்லாத விளக்கை அவர் அலமாரியின் கடைசித் தட்டில் வைத்துவிடுகிறார்.